வானம் பார்த்த பெட்டிகள்

செயற்கைக்கோள் தொடர்புப் பெட்டி மாட்டுவது என்பது, கண்ணுக்கே தெரியாத ஒன்று வானத்தில் இருக்கிறது என்று முதலில் நாம் நம்பி, பிறகு கீழே நிற்கிற ஊரையும் நம்பவைக்கிற தொழில். எனக்கு இது புதிதில்லை. பல வருடம் நூற்பாலை வாசலில் நின்று சங்கம் நடத்தியவன் நான். அங்கேயும் இதே வேலைதான் பார்த்தேன்.

என்னைப் பற்றி நாலு வரி. ஊர் வல்லத்திராக்கோட்டை. பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. அதற்கு மேல் படித்ததெல்லாம் துண்டறிக்கைதான். படித்தேன், பிறகு நானே எழுதினேன், ஒட்டினேன், அதற்காக அடியும் வாங்கினேன். ஆலையை மூடியபோது என் பக்கத்தில் நின்று கோஷம் போட்டவர்கள் ஆளுக்கொரு பக்கமாக முதலாளியின் காரில் ஏறிப் போனார்கள். எனக்கு மட்டும் எந்த ஆலையும் கதவைத் திறக்கவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தக் கம்பெனி, உயரத்தில் ஏறப் பயப்படாத ஆள் தேவை என்றது. நான் எதற்குத்தான் பயந்தேன்?

‘லிங்க் இல்லை’ என்ற அட்டையைப் பார்த்து வங்கி வாசலிலிருந்து திரும்பியவர்களே, அந்த அட்டைக்கு மேலே மொட்டை மாடி வெயிலில் வெந்துகொண்டிருந்த என் இனத்தவர்களே, நாம் எல்லோரும் ஒரே கட்சி. ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகளில் பெட்டி நிலைக்குமா, பிடுங்கப்படுமா என்று நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? முதலில் அங்கே நான் போய்ச் சேர்ந்த கதை.

வாழைக்கன்றுக்குப் பின்னால் வானம்

கறம்பக்குடியில் ஒரு வங்கிக் கிளை. ரோடு தோண்டும்போதெல்லாம் கேபிள் அறுந்துபோவதால் மாடியில் டிஷ் வைத்திருந்தோம். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கதவு திறந்த காலையில் லிங்க் வரவில்லை. நான் போனபோது நகை திருப்ப வந்தவர்கள், உரத்துக்குப் பணம் எடுக்க வந்தவர்கள் என்று வரிசை தெருவரை நிற்கிறது. மாடிக்கு ஏறினேன். அடடா, டிஷ்ஷுக்கு என்ன ஒரு பூஜை! தட்டுக்கு எதிரே நீட்டிக்கொண்டிருக்குமே ஒரு சின்ன மூக்கு, சிக்னலை வாங்குவதே அதுதான். அதில் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். தட்டுக்கு முன்னால் இரண்டு வாழைக்கன்று, பச்சைப் பசேலென்று இலை விரித்தபடி. நம் பக்கம் செயற்கைக்கோள் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே, தெற்கில் கொஞ்சம் கிழக்கே தள்ளி நிற்கிறது. அங்கிருந்து வருகிற நூல் போன்ற சிக்னல் ஈர இலையைத் துளைத்துக்கொண்டு எப்படி இறங்கும்?

துடைத்தேன், அவிழ்த்தேன், லிங்க் வந்தது. கீழே கைதட்டல்! ஆனால் மேலாளர், பூஜை போட்டவன் யார் என்று விசாரணை ஆரம்பித்தார். பூஜை போட்ட காவலாளி தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். நான் சும்மா இருப்பேனா? இந்தத் தட்டு எதற்கு என்று தொழிலாளிக்குச் சொல்லித்தராத நிர்வாகமே முதல் குற்றவாளி என்று, வரிசையில் நின்ற சனத்துக்கு முன்னால் ஒரு வாயிற்கூட்டமே நடத்திவிட்டேன். காவலாளி தப்பினார். என் மேல் புகார் போனது. திருச்சியிலிருந்து சூப்பர்வைசர் பாலாஜி, என் மகன் வயதுப் பையன், போனில் சொன்னார்: “அண்ணே, டிஷ்ஷ மாட்டச் சொன்னா மைக்கையும் சேத்து மாட்டுறீங்க. இந்த வாய்க்கு ஏத்த எடம் ஒண்ணுதான் இருக்கு. ஜெகதாப்பட்டினம் போங்க.”

ஐஸ் கம்பெனி வாசலில்

ஜெகதாப்பட்டினத்தில் வேலை இதுதான். டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி. விசைப்படகின் கேபின் கூரையில் திருகி வைத்தால், செல்போன் டவர் எட்டாத நடுக்கடலிலிருந்தும் படகு எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். டிரைவர் தன் செல்போனிலிருந்து அதன் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம். ஆபத்து என்றால் அழுத்த ஒரு பொத்தான். எனக்கு முன்னால் போன ஆட்களை ஊர்க்காரர்கள் டீ வாங்கிக் கொடுத்து அப்படியே பஸ் ஏற்றிவிட்டிருந்தார்கள். எந்தத் துறைமுகத்தில் பெட்டி ஆன் ஆகாமல் கிடக்கிறதோ, அங்கிருந்து மொத்தத்தையும் கழற்றி வேறு மாவட்டத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லியாகிவிட்டது.

ஐஸ் கம்பெனி வாசலில் கூட்டம் போட்டேன். ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். டிரைவர் காளிதாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். “தலைவரே, வலைய இழுத்துக்கிட்டுப் போறப்ப நீரோட்டம் எங்களக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளும். ஒங்க பெட்டி அத எழுதி வச்சுக்கிரும். நாளைக்கு நாங்க எல்லை தாண்டுனோம்னு எங்களுக்கே சாட்சி சொல்லும்” என்றார். எனக்குப் புல்லரித்தது! ஆலையில் இப்படி ஒரு கேள்வி கேட்கத் தொழிலாளிக்குப் பத்து வருடம் பாடம் நடத்த வேண்டியிருந்தது. இங்கே கருவாடு காயும் வாசலில் தானாக வந்து விழுகிறது.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண் குரல். காளிதாஸின் மனைவி வீரம்மாள். மீன் ஏலம் எடுக்கிறவர். அவர் விலை சொன்னால் மறுவிலை கிடையாது. முன்பு ஒருமுறை எல்லை தாண்டியதாகக் காளிதாஸைக் கடலில் பிடித்துக்கொண்டு போனபோது, அந்த அம்மாவுக்கு அது டி.வி. செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். என்னைப் பார்த்து நேராகக் கேட்டார்: “எம்புருசன் கடல்ல எங்கிட்டு நிக்கிறாருன்னு மெட்ராஸ்ல ஏசி ரூம்ல இருக்குறவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாதுன்னா, அந்தப் பெட்டி யாருக்குய்யா?”

கூடை போட்ட மனு

அந்தக் கேள்வியைத் தலைப்பாகப் போட்டே துண்டறிக்கை அடித்தேன். கோரிக்கை ஒன்றே ஒன்று: கடலிலிருந்து வரும் சேதி மேலிடத்துக்குப் போகிற அதே நேரத்தில் கரைக்கும் வர வேண்டும். மீனவர் சங்கக் கட்டடத்து மாடியில் ஒரு டிஷ், உள்ளே ஒரு திரை, பார்க்கிற உரிமை பெண்களுக்கு. பாலாஜி போனில் தலையில் அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. கம்பெனிக்கு வேலை செய்கிறேனா, கம்பெனியை எதிர்த்து வேலை செய்கிறேனா என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

மாவட்டத் தலைநகரில் ஓர் அலுவலகம். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே மின்விசிறி ஒன்றுதான் முழு நேரம் வேலை செய்கிறது. காலை ஏலம் முடிந்த கையோடு வீரம்மாள் தலைமையில் பெண்கள் மினி லாரி பிடித்து, காலிக் கூடைகளோடு வந்து வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். நண்டு, சங்கரா, காரப்பொடி, எல்லாம் இருந்த கூடை. வெயில் ஏற ஏற வாசம் படியேறி உள்ளே போனது. ஒரு கோஷம் இல்லை, ஒரு கொடி இல்லை. நான் பேசுவதற்குத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அதிகாரி மூக்கில் கைக்குட்டையோடு வெளியே வந்து, மனுவைக் கொடுத்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். வீரம்மாள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் சொன்னார்: “காகிதத்த வாங்குனா பீரோவுல வச்சிருவீங்க சார். கூடைய எங்க வைப்பீங்கன்னு பாப்போம்.”

வெள்ளி வேலைப்பாடு

திரை வந்தது! சங்கக் கட்டடத்து மாடியில் நானே டிஷ்ஷைத் திருப்பிச் சிக்னலைப் பிடித்தேன். படகுகளும் பெட்டியை ஏற்றிக்கொண்டன. துறையில் நிற்கிற ஒவ்வொரு படகும் திரையில் பச்சைப் புள்ளியாக முளைத்தபோது, பெண்கள் ‘இது நம்ம படகு, இது ஓம் படகு’ என்று கத்திய கத்தலில் மாடியிலிருந்த காக்கை எல்லாம் பறந்தது.

பிறகு மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றிச் சுரண்டி, விரிசலில் பஞ்சு அடைத்து, பெயிண்டு அடிக்கிற காலம். தடை முடிவதற்கு முன்னால் ஒரு சோதனை வைத்தேன். திரையில் காளிதாஸின் படகு இல்லை. பக்கத்துப் படகு இல்லை. அந்த வரிசையே இல்லை! பாலாஜி பதறினார், கழற்றச் சொல்லிவிடுவார்கள் என்றார். ஓடினேன். கேபின் கூரையில் பெட்டிகள் கண்ணைப் பறிக்கின்றன. பெயிண்டர் செபஸ்தியான், அலுமினியப் பெயிண்டை இரண்டு கோட்டு இழுத்து, வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி பளபளக்க வைத்திருந்தார். அலுமினியத் தூள் கலந்த பெயிண்டு பூசினால் பெட்டியை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போலத்தான். மண்ணெண்ணெயும் உப்புத்தாளுமாக நானும் அவரும் உட்கார்ந்து தேய்த்தோம். கழுத்தில் வேர்வை வழிய, செபஸ்தியான் மனம் நொந்து சொன்னார்: “மத்ததெல்லாம் தண்ணிக்குள்ள போயிரும் தலைவரே. வானத்துல இருக்குறவன் பாக்குற ஒரே எடம் இதான்னீங்க. அதான் நல்லா அடிச்சேன்.”

கடலிலிருந்து முதல் சேதி

தடை முடிந்து படகுகள் கிளம்பின. சங்கக் கட்டடத்தில் உட்கார இடமில்லை. கரையைத் தாண்டி, டவரைத் தாண்டி, எந்தச் செல்போனும் வேலை செய்யாத இடத்துக்குப் பச்சைப் புள்ளிகள் போய்க்கொண்டிருக்கின்றன. வரப்போகும் முதல் சேதியை என்னுடைய அடுத்த துண்டறிக்கையில் கொட்டை எழுத்தில் போடுவதாக முடிவு செய்து பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். உலகத் தொழிலாளர்களே என்று வராவிட்டாலும், ஜெகதாப்பட்டினம் வாழ்க என்றாவது வராதா?

திரை மினுங்கியது. காளிதாஸின் படகு! வாசித்தது சங்கக் கணக்கர். ‘பீரோ சாவி என் சட்டைப் பையில் வந்துவிட்டது. தேடாதே.’ அவ்வளவுதான். காலையிலிருந்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்த வீரம்மாள், கட்டடம் அதிர எழுந்து நின்றார். நான் துண்டறிக்கைத் தாளை மெதுவாக மடித்தேன். பெண்கள் சிரித்து ஓயவில்லை. வீரம்மாள் கணக்கரிடம் சொன்னார்: “பதில் அனுப்ப முடியுமாய்யா? அப்ப அனுப்பு. ‘வீட்டுக்கு வா, வச்சுக்கிறேன்’னு.”

கடலில் ஓர் ஊமைப் பகுதி

எல்லாம் நன்றாகப் போனது, ஒன்றைத் தவிர. கிழக்கே எல்லையை நெருங்க நெருங்க, புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பிறகு திரும்பி வரும்போது ஒவ்வொன்றாக எரிந்தன. ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். படகுக்காரர்களைக் கேட்டால் வானத்தைக் காட்டினார்கள். செபஸ்தியானின் பெயிண்டு இல்லை, ஒயர் அறுந்திருக்கவில்லை, பேட்டரி முழுசாக இருந்தது. வானத்தில் ஓட்டையா, கடலில் காந்தமா? மண்டையைக் குடைந்தது.

பாலாஜிக்கு எழுதினேன். பாலாஜி மேலே எழுதினார். பெரிய இன்ஜினியர்கள் உட்கார்ந்து வரைபடத்தில் அந்தப் பகுதியைச் சுற்றிச் சிவப்பில் கோடு போட்டார்கள். அலை ஆய்வு, வெயில் ஆய்வு, ஈரப்பத ஆய்வு! இந்தப் புதிரை அவிழ்க்காவிட்டால் பெட்டிகள் பிரயோஜனமில்லை என்று கழற்றிக்கொண்டு போவது உறுதி. பாலாஜி என்னிடம் ரகசியம் போலச் சொன்னார்: “அண்ணே, இது மட்டும் புதுக் கண்டுபிடிப்பா இருந்தா, ஒங்க பேரையும் சேத்துப் போடச் சொல்றேன்.”

சோற்றுக் குண்டான்

ஒரு காலை படகுகள் திரும்பின. மீன் இறங்கியது. ஏலம் தொடங்கியது. காளிதாஸின் படகு மட்டும் வரவில்லை. திரையில் பார்த்தால், முந்தின நாள் எல்லைப் பக்கம் அணைந்த புள்ளி அணைந்தபடியே இருக்கிறது. தென்மேற்குக் காற்று வலுத்திருந்தது. இன்ஜின் நின்ற படகை அந்தக் காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழக்கே. எல்லைக்கு அப்பால். அதற்குப் பிறகு சிறை, படகு பறிமுதல், டி.வி. செய்தி. தேடிப் போகத் தயாராகப் படகுகள் நின்றன. எங்கே போய்த் தேடுவது? வீரம்மாள் தராசை அப்படியே போட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். நான் பேசிப் பிழைத்தவன். அன்றைக்கு டிஷ்ஷைச் சரிபார்க்க மாடிக்கு ஏறி ஏறி இறங்கினேன். போனில் பாலாஜி, ‘பொத்தானை அழுத்தியிருந்தால் வந்திருக்க வேண்டுமே’ என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

நடுப்பகல் ஆனது. திடீரென்று திரை சிவந்தது! ஆபத்துச் சேதி. காளிதாஸின் படகு. அது நிற்கும் இடம் எண்ணாக வந்து விழுந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம்தான், ஆனால் நெருக்கத்தில். ‘இன்ஜின் போச்சு. காற்று கிழக்கே தள்ளுது. ஆள் எல்லாம் சுகம்.’ கட்டடத்தில் எழுந்த சத்தத்தை என் வாழ்நாளில் எந்த மாநாட்டிலும் நான் கேட்டதில்லை. தயாராக நின்ற படகுகள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பறந்தன. சாயங்காலம் கயிறு கட்டி இழுத்து வந்துவிட்டார்கள்.

படகு துறையில் முட்டியதும் நான் பாய்ந்து ஏறினேன். பெட்டி ஏன் இவ்வளவு நேரம் வாய் திறக்கவில்லை? ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் படகில் சோறு ஆக்கும் சின்னப்பன் உண்மையைக் கக்கினார். எல்லைப் பக்கம் போகும்போதெல்லாம், பெட்டி சாட்சி சொல்லக் கூடாது என்று, அலுமினியச் சோற்றுக் குண்டானை அதன் மேல் கவிழ்த்துக் கயிறு போட்டுக் கட்டிவிடுவார்களாம். இந்தப் படகு மட்டுமில்லை, எல்லாப் படகிலும்! இன்ஜினியர்கள் சிவப்புக் கோடு போட்ட ஊமைப் பகுதி இதுதான். அன்றைக்கு இன்ஜின் நின்றதும் எல்லோரும் கீழே இன்ஜினோடு மல்லுக்கட்ட, காளிதாஸ் கேபினுக்குள்ளிருந்து சேதியை அடித்துவிட்டுப் பொத்தானை அழுத்து அழுத்து என்று அழுத்தியிருக்கிறார். கூரை மேல் குண்டான் கவிழ்ந்திருப்பது ஒருவருக்கும் ஞாபகமில்லை. கரையிலிருந்து கட்டிவந்த பரோட்டா இருந்தவரை அதைத் தேடவும் இல்லை. சின்னப்பன் தலையைச் சொறிந்தபடி சொன்னார்: “பசி தாங்கல தலைவரே. ஒல வைக்கலாம்னு குண்டான எடுத்தேன். ‘டொய்ங்’குன்னு டிரைவர் போன் சத்தம் போட்டுச்சு.”

தராசு ஏறாத மீன்

நான் இதை மேலே எழுத வேண்டும். எழுதினால் பெட்டியைக் கழற்றுவார்கள். எழுதாவிட்டால் குண்டான் மறுபடி ஏறும். அடுத்த படகு அந்தப் பக்கம் போய்விடும். மறுநாள் காலை மீன் இறங்குகிற இடத்திலேயே கூட்டம் கூடியது. காளிதாஸ் முதலில் பேசினார். காப்பாற்றியது பெட்டிதான், ஆனாலும் சாட்சி சாட்சிதானே, பயம் போகவில்லை என்றார். மற்ற டிரைவர்கள் ஆமாம் போட்டார்கள். நியாயமான பயம். பிடிபட்டு உள்ளே இருந்தவர்கள் அவர்கள். வெளியே நின்று அறிக்கை எழுதியவன் நான். இருந்தாலும் பதில் சொல்ல ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்றேன். ‘தோழர்களே’ என்றேன்.

“நீங்க எறங்குங்கண்ணே” என்றார் வீரம்மாள். இறங்கினேன். அவர் பின்னால் மீன் எடுக்கும் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். முன்னால் வண்டி வண்டியாக மீன். ஐஸ் உருகி ஓடுகிறது. ஒரு தராசு ஆடவில்லை. ஒருத்தி விலை சொல்லவில்லை. காளிதாஸின் வயிற்றைப் பார்த்து, ‘பசிச்சாத்தான் ஒங்களுக்குப் புத்தி வருமா?’ என்று யாரோ ஒருத்தி கேட்டாள். வெயில் ஏறியது. ஒரு டிரைவர் ஐஸ் கேட்டார். பக்கத்துக் கம்பெனியில் ஐஸ் உடைக்கிறவர் வீரம்மாளின் தம்பி; அவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டிரைவர்கள் ஒதுங்கிப் பேசினார்கள். திரும்பி வந்தார்கள். காளிதாஸ், குண்டான் இனி அடுப்பில் மட்டும்தான் ஏறும் என்றார். எல்லோரும் சொல்லட்டும் என்றார் வீரம்மாள். சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் அவர் தராசைக் கையில் எடுத்தார்: “திரையில அணைஞ்ச படகோட மீனு இந்தத் தராசுல ஏறாது. இப்பச் சொல்லுங்க, சங்கரா என்ன வெல?”

மேலே, ‘ஊமைப் பகுதி சரியாகிவிட்டது’ என்று ஒரே வரி எழுதிப் போட்டேன். பெட்டிகள் இன்றும் ஜெகதாப்பட்டினத்தில் இரவு பகலாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. என் வாழ்நாளில் முழு வெற்றி பெற்ற ஒரே வேலைநிறுத்தத்தில் ‘தோழர்களே’ என்பதற்கு மேல் பேச எனக்குத்தான் அனுமதி கிடைக்கவில்லை.